போடாத நாதாங்கி

தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, எல்லா வருஷமும் வராது. கடலுக்குள் சிப்பி விளைந்திருக்கிறது என்று சர்க்கார் ஆள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சொல்லிவிட்டால் ஊரே கடற்கரையில் கிடக்கும். எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருவார்கள், பந்தல் போடுவார்கள், அவர்களோடு ஈயும் வரும். அந்த ஈயைப் பற்றியே ஒரு நாள் முழுக்கச் சொல்லலாம். வேண்டாம், அத்தையிடம் வருகிறேன். அவளை விட்டு விலகிப் போவதற்குத்தான் நான் எப்போதும் வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பதினாலு வயதில் தாலியறுத்தவள். ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊர் ஒன்றில் அவளுக்கு மாமியார் வீடு. விடியுமுன் எழுந்து நெல் அவிக்க வேண்டும்; சோறு ஒரு வேளைதான். கையெல்லாம் வெந்த தழும்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அவளுக்கு இருபதுகூட ஆகியிருக்காது. வெள்ளைச் சேலை, மூளிக் கழுத்து, மூளிக் காது. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மாசத்துக்கு ஒரு தடவையாவது, "அவள வந்த எடத்துக்கே அனுப்பிருங்க அத்தான்" என்பார். அடுக்களையில் அத்தை கையிலிருந்த பாத்திரத்தைப் பிடித்தபடியே நிற்பாள். அப்பா "பாப்போம்" என்று சொன்ன பிறகுதான் பாத்திரம் கீழே இறங்கும்.

சிப்பி ஏலம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். வாய் திறக்காத சிப்பியைக் குவியலாக எடுக்க வேண்டும். எடுத்ததைக் கொட்டகையில் போட்டுப் பத்து நாள் அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு அலசினால்தான் உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். அதனால் ஏலத்துக்குக் கிளம்புகிறவர்கள் பூனைக்கும் பயப்படுவார்கள். தாலியறுத்தவளுக்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா புறப்படும்போது அத்தை தானாகவே பின்கட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷம் அம்மாவின் நகையை வைத்துப் பெரிய குவியல் ஒன்றை எடுப்பது என்று அப்பா துணிந்திருந்தார். மாமாவுக்கு அதனால் ஏகப் பதற்றம்.

"அவ பாட்டுக்கு மறந்து வெளிய வந்துட்டான்னா? வெளிப்பக்கம் நாதாங்கியப் போட்டுருவோம்."

"அவ அப்படில்லாம் வரமாட்டா மாப்ளே."

"வரமாட்டாதான். போட்டா என்ன கொறஞ்சா போயிருவோம்?"

நாதாங்கி போடும் வேலை எனக்கு வந்தது. அப்பா தெருமுக்கு திரும்பியதும் திறந்துவிட வேண்டும். முதல் இரண்டு நாளும் அப்பா ஏலத்தைப் பார்த்துவர மட்டும் போனார். நானும் ஒழுங்காகப் போட்டேன், திறந்தேன். "ஏலே காவக்காரரே, போட்டாச்சா?" என்று அத்தை உள்ளேயிருந்து கேலி செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அப்பா குவியல் எடுக்கப் போனது. மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் தோணிகளெல்லாம் பாய் விரித்துக் கரைக்குத் திரும்பின. தெருப் பையன்கள் ஓடினார்கள். அப்பா புறப்படுமுன்பே நானும் ஓடிவிட்டேன். நாதாங்கி போடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா போய்த் தள்ளினால், கதவு சும்மா சாத்திக் கிடக்கிறது. அத்தை மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை நேரமும் அவள் கதவைத் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அலசினார்கள். தொட்டி தொட்டியாக அலசியும் கிடைத்தது தூள் முத்துதான், அதுவும் ஒரு உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து நாற்றம் போகக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எதுக்க யாரு வந்தா?" என்று கேட்டார் மாமா.

"யாரும் வரல."

"பின்கட்டுல நாதாங்கி போடாமத்தான் கெடந்துது" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா கையில் புளியம் விளாறு இருந்தது. "ஏலே, நீதான போடணும்? போட்டியா, இல்லியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு அடி விழுந்திருக்கும். இரண்டு நாள் எரிந்திருக்கும். நான் சொன்னேன்: "நான் போட்டேன். அத்தைதான் தெறக்கச் சொன்னா. அப்பா போறப்ப நடையில வந்து எட்டிப் பாத்தா."

சின்ன வீடு. அடுக்களையில் இருந்த அத்தைக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கு வண்டி கெட்டச் சொல்லு" என்று மாமாவிடம் மட்டும் சொன்னார்.

மாமியார் வீட்டில் அதன்பிறகு அவள் எத்தனை வருஷம் நெல் அவித்தாள் என்பது எனக்குத் தெரியாது. பெரியவனாகி அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இறங்கி விசாரிக்க முகம் இல்லை.

மறுநாள் காலையில் அத்தை ஒரு மூட்டையோடு கொல்லைவாசலில் நின்றாள். முன்வாசல் வழியாகப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முந்தானையை இழுத்து இழுத்துக் கைத்தழும்புகளை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ உறுத்தியது. கிட்டே போனேன்.

"ஏன் அத்தே, எட்டிப் பாக்கலன்னு நீ சொல்ல வேண்டியதுதான?"

தப்பு அவள்மேல் என்பதுபோலத்தான் கேட்டேன். அத்தை என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"என்னைய யாருல கேட்டா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. கேட்காதபோது அவள் எப்படிச் சொல்வாள்? இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. வண்டி கிளம்பும்வரைகூட நிற்காமல் தோணி பார்க்க ஓடிவிட்டேன்.