கிளட்ச் மட்டும் அவர் பொறுப்பு

காலை 7.10. சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது வானம் கருத்துக் கிடந்தது. சென்னையிலிருந்து நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. அக்காவின் கணவர் இனிமேல் கார் ஓட்டலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்ல வந்தேன். இந்தப் பாழாய்ப்போன வேலையை என் தலையில் கட்டியது அக்காதான்.

"ஒருக்கா கூட உக்காந்து வந்து பாரு சாமி. வெள்ளிக்கெழம பேத்தியக் கூட்டிட்டு அந்த வண்டியிலயே பழனிக்குப் போறேங்கறாரு. நாங்க சொன்னா எரிஞ்சு உழுகறாரு. நீ சொன்னா மகனும் கேப்பான்" என்று போனில் அழுதாள்.

மச்சான் முப்பது வருடம் நாமக்கல் லாரியில் வடக்கே போய் வந்தவர். சர்க்கரை நோயில் இடது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சக் காலில் வலு இருக்கிறது, உணர்ச்சிதான் இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடாதே என்ற பெங்களூர் மகனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு புதுக் காரே வாங்க வைத்துவிட்டார். அந்தக் கார் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும். மோதப் போனால் தானே பிரேக் போடும். சாலைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுத்து நேராக்கும். கிளட்சும் கியரும் மட்டும் ஓட்டுகிறவர் பொறுப்பு. மகன் ஆட்டோமேட்டிக்தான் பார்த்திருந்தான். "கியர் இல்லாத வண்டிக்கு ஊட்டு சோபாவே போதும்" என்று மச்சான் முடித்துவிட்டாராம்.

7.25. என்னைக் கூட்டிப்போக வந்திருந்த மச்சான், ஸ்டேஷன் வாசலில் கார் கதவைத் திறந்ததும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றினார். வீட்டுக்குள்கூடக் கழற்றக் கூடாது என்று டாக்டர் கொடுத்த செருப்பு. அதைச் சீட்டுக்குப் பின்னால் போட்டார். இவரோடு லாரி ஓட்டிய பலருக்கும் செருப்புக் காலோடு வண்டியில் ஏற மனம் வராது. வண்டி சாமி மாதிரி என்பார்கள். தவிர, வெறுங்காலுக்குத்தான் பெடல் பிடிபடும் என்பார்கள். உணர்ச்சியில்லாத காலுக்கு என்ன பிடிபடும் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

கிளட்சை முழுக்க மிதித்தால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். மச்சான் குனிந்து காலைப் பார்த்தார், மிதித்தார், கிளம்பினோம். சீலநாயக்கன்பட்டி வரைக்கும் ஒவ்வொரு கியருக்கும் ஒருமுறை குனிந்து பார்த்தார். அவர் குனியும்போதெல்லாம் நான் சாலையைப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவராவது பார்க்க வேண்டுமே.

7.55. மல்லூர் தாண்டியதும் ஆள் மாறிவிட்டார். ஐந்தாவது கியரில் எண்பதை வைத்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு காலையும் எடுத்துக்கொண்டார். முன்னால் ஒரு லாரி மெதுவானால் காரும் மெதுவானது, அது நகர்ந்தால் இதுவும் பிடித்தது.

"இங்கிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் காலுக்கு வேலையே இல்லீங்க மாப்ளெ" என்றார் பெருமையாக.

லாரி ஓட்டுகிற பழக்கத்தில் இண்டிகேட்டர் போடாமல் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினார். ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி இழுத்தது. "இவ ஒருத்தி, உங்கக்கா மாதிரி" என்று அதைத் திட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனிதரிடமிருந்து இதைப் பிடுங்க நான் யார் என்றுகூட நினைத்தேன்.

8.15. ஆண்டகலூர் கேட். டீ பதினைந்து ரூபாய், சுமார்தான். அவருக்குச் சர்க்கரை இல்லாமல்.

"உங்கக்கா அனுப்பிச்சாளுங்களா?"

"இல்லீங்க மச்சான். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பொய் சொல்றப்ப டம்ளரையே பாக்கறீங்க." கோபமில்லாமல் சொன்னார். "ஊட்டுல நடந்தாக் கையப் புடிச்சுக்கறாங்க, படியேறுனாப் புடிச்சுக்கறாங்க. இந்த வண்டிக்குள்ளதான் மாப்ளெ என்னைய யாரும் புடிக்கறதில்ல."

நான் டீக்கு முப்பது ரூபாயைக் கொடுத்தேன்.

8.40. புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால், எங்களுக்கு முன் போன தீவன லாரி வேகம் குறைத்தது. காரும் அறுபது, ஐம்பது, நாற்பது என்று இறங்கியது. வேகத்தைத்தான் அது குறைக்கும், கியரைக் குறைக்க அதனால் ஆகாது. ஐந்தாம் கியரிலேயே திணறி உதறியது. கியரைக் குறை என்று திரையில் அம்புக்குறி மின்னியது. முப்பதுக்குக் கீழே வந்ததும், இனி உன் பாடு என்கிற மாதிரி நாலு தரம் கத்திவிட்டு விலகிக்கொண்டது. மச்சானின் வலது கால் பிரேக்கைத் தேடுவதற்குள் லாரி நின்றேவிட்டது. கடைசி நொடியில் காரே பிரேக்கைப் போட்டது. மூன்றடி இடைவெளி இருந்திருக்கும். என்ஜின் அணைந்துபோனது.

பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டு, ஒடித்து, உரசாத குறையாகப் போனது. லாரியும் நகர்ந்துவிட்டது. நெடுஞ்சாலை நடுவில் நாங்கள் மட்டும் நின்றோம். மச்சான் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். கிளட்சை மிதி என்றது திரை. மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே சொன்னது.

"கிளட்ச மிதிங்க மச்சான்!"

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்!"

கண்ணாடியில் அடுத்த லாரி பெரிதாகிக்கொண்டிருந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது, இந்தத் தடவை அவர் குனியவில்லை. நான்தான் குனிந்து பார்த்தேன். கிளட்சுக்குப் பக்கத்தில் கால் வைத்து இளைப்பாற ஒரு மேடு இருக்கும். அதை மிதித்துக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் நடுங்க, உடம்பின் பலம் முழுவதையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கால் கிளட்சுல இல்லீங்க."

குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கிக் கிளட்சின்மேல் வைத்தார். லாரி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. வண்டி ஸ்டார்ட் ஆகி, முதல் கியரில் ஓரம் வந்து நின்றது. அவரே இறங்கி, காரைப் பிடித்தபடி சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

மிச்சம் பதினாறு கிலோமீட்டரை நான் ஓட்டினேன். பேத்திக்கு ஆறு வயது என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

9.15. நாமக்கல்லில் அவர்கள் தெருமுனை வந்ததும் தோளைத் தொட்டார். "இங்க நிறுத்துங்க மாப்ளெ. வாசல் வரைக்கும் நான் கொண்டாரேன். நூறடிதான்."

தெருவில் யாருமில்லை. கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

"வேண்டாமுங்க மச்சான்."

அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா வாசலில் நின்றிருந்தாள். எந்தக் கதவிலிருந்து யார் இறங்குகிறோம் என்று பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனோடு போனில் பேசினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அடுத்த அறையில் மச்சான் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலை 4.30. பையை எடுத்தேன். நான் வந்துபோன காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது அவர்தான். இன்று கேட் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீங்க பண்ணுனது தப்பில்லீங்க மாப்ளெ" என்றார். "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். ஆனாக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க."

"சரிங்க மச்சான். வாரேன்" என்றேன், பழக்கதோஷத்தில். அவர் கேட்டைச் சாத்தினார். பஸ் ஸ்டாண்டு இரண்டரை கிலோமீட்டர். ஆட்டோ கிடைத்தும் ஏறாமல் நடந்தேன்.