குருத்து விரிந்த பனை

தோட்டத்து மதிலோரம் பெயர் தெரியாத மூன்று கன்றுகள் முளைத்திருந்தன. "பாக்கா, ஈச்சையா, ஒண்ணும் புரியல. செவுத்தோரமா இருக்குது, புடுங்கிடட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். குனிந்து இலையைத் தடவினேன். விசிறி மடிப்பு விரலில் தட்டியது. பனை.

ஏரியூர் வீட்டில் அம்மா பனம்பழத்தைத் தணலில் சுடுவாள். தோல் கருகும் வாசனைக்கே எங்களுக்கு எச்சில் ஊறும். முழங்கைவரை மஞ்சள் சாறு வழிய நாரைச் சப்புவோம். பழத்துக்கு மூன்று கொட்டை. அவற்றைப் பொறுக்கிக் கொல்லையில் புதைப்பாள்.

"பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாங்க. உனக்கு எதுக்குடி?" என்று அப்பா சீண்டுவார்.

"நானு மரத்துக்கா போடறேன்? கிழங்குக்குங்க. தையில அவிச்சு உங்க வாயில ரெண்டு வெக்கிறேன், அப்பவாவது மூடுங்க!"

குருத்து விரியும் முன்பே தோண்டிவிட வேண்டும். விரிந்தால் கிழங்கு வெறும் நார்.

போன ஆவணியில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கென்று எங்களிடம் வந்த அம்மா, மஞ்சள் பையில் ஒரு பனம்பழமும் கொண்டுவந்தாள். ஐப்பசியில் போய்விட்டாள். துக்கமென்று தையில் நாங்கள் பொங்கலும் வைக்கவில்லை, மதில் பக்கம் போகவும் இல்லை. எனக்கென்று புதைத்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே.

"பனைங்க. அம்மா போட்டது" என்றேன்.

"அத்தையா?" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார். மதிலைப் பார்த்து, "மூணும் வளந்தா செவுரு நிக்காதே" என்றார்.

"செவுரு போனா கட்டிக்கலாங்க."