விழுந்தா யாரு பிடிப்பா?

இன்று மதியம் ஒரு அம்மா, கையில் சுருட்டிய பேப்பரோடு எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலுக்குள் வந்தார்.

அவரைப் பார்த்ததுமே மாரீஸ்வரி மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்!

(கரண்ட் போவதற்குள் டைப் செய்து முடிக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் அண்ணன் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

விஷயம் இதுதான். எங்கள் யுனிவர்சிட்டி பெண்கள் டீம் இந்த முறையும் கப் அடித்துவிட்டது. தொடர்ந்து மூன்றாவது வருஷம்! ஆறு பேர் டீம், நான் கேப்டன். பிராக்டிஸ் எல்லாம் விருதுநகரில், எங்கள் காலேஜ் ஹாலில்தான்.

இன்றைக்குப் பேப்பரில் போட்டோ வந்திருந்தது. பேலன்ஸ் பீம் கட்டை மேல் மாரீஸ்வரி தலைகீழாக நிற்கும் போட்டோ.

எல்லோரும் குதித்தோம். அவள் மட்டும் அழுதாள்.

ஏனென்றால் அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனிக்குப் போகிற அம்மா, அம்மாவுக்கு ஒரே பெண். மூன்று வருஷமாக "காலேஜ்ல டிரில் கிளாஸ்" என்றே சொல்லிச் சமாளித்திருந்தாள். வெளியூர்ப் போட்டி வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டு, "ஸ்பெஷல் கிளாஸ்மா, ரெண்டு நாள் ஆகும்" என்று பொய் சொன்ன புண்ணியவதி... நான்தான்.

அந்த அம்மாதான் இப்போது வாசலில் நிற்கிறார். வேலைச் சேலையோடு. கைகூடச் சரியாகக் கழுவவில்லை, விரலெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து.

எங்கள் கோச் மேடம் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். மாட்டியது நான்.

"இங்கன கேப்டன் யாரும்மா?"

"நான்தாம்மா. வாங்க, உக்காருங்க."

"நீதான போன்ல பேசுனது? ஸ்பெஷல் கிளாஸுன்னு?"

"ஆமாம்மா. பொய்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க."

அவர் பேப்பரை விரித்தார். உடம்போடு ஒட்டிய அந்த டிரஸ்ஸைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், இன்றோடு மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அதற்கென்று ஒரு பதில்கூட நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம்.

அவர் விரல் டிரஸ் மேல் போகவில்லை. பீமுக்குக் கீழே, வெறும் இடத்தில் போய் நின்றது.

"தலைகீழா நிக்காளே. கீழ ஒருத்தரையும் காணுமே. விழுந்தா யாரு பிடிப்பா?"

நான் தரையைக் காட்டினேன்.

"மெத்தை இருக்கும்மா. போட்டில யாரும் தொடக் கூடாது. தொட்டா மார்க்கு போயிரும்."

அவர் குனிந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். நீல மெத்தையில் உள்ளங்கை வெள்ளியாகப் பதிந்தது.

"எங்க கம்பெனில ஒரு டப்பாவக்கூட தூக்கிப் போட விடமாட்டாக. இழுக்கக் கூடாது, ஓடக் கூடாது. இங்கன என்னடான்னா பிள்ளையவே தூக்கிப் போடுறீகளே!"

எங்கள் டீமில் ஜான்சி என்று ஒருத்தி. (வாய்க்குப் பூட்டே கிடையாது!) அவள் மெதுவாகக் கேட்டாள், "அம்மா... டிரஸ் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

நான் அவள் காலை மிதித்தேன். லேட்.

"அதுக்கென்ன? நாங்களும் கம்பெனிக்கு நைலான் சேல கட்டக் கூடாது, பொறி தட்டிரும். பருத்திதான் கட்டணும். எந்த வேலைக்கு எது தோதோ அதத்தான போடணும்?"

மூன்று வருஷம் மனப்பாடம் செய்த பதில் வீணாய்ப் போனது!

"அவ எங்க?"

மாரீஸ்வரி முகமெல்லாம் கண்ணீரோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"விட மாட்டன்னு பயந்தேம்மா."

"விட்டிருக்க மாட்டேன்தான்." முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். "முட்டில தைலம் தேச்சுக்கிட்டுப் படுப்ப. கேட்டா ஒண்ணுமில்லம்ப. நான் யாரோ ஒரு பையன் பின்னாடி சுத்துறியோன்னு எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா? போர்மேன் பேப்பரக் காட்டுன பெறகுதான உசுரு வந்துச்சு. படத்தப் பாத்ததும் திரும்பப் போயிருச்சு."

ஜான்சி சிரித்துவிட்டாள். மாரீஸ்வரியும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"சரி, ஏறு. நான் பாக்கணும்."

பீம் என்பது ஒரு சாண்கூட அகலமில்லாத கட்டை, நெஞ்சு உயரம். அழுத கண்ணோடு ஏறுகிற சமாச்சாரம் இல்லை. "தரையில செய்டி, போதும்" என்றேன். அவள் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்தாள், கையில் பவுடரைத் தட்டினாள், ஏறிவிட்டாள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு பீம் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டார்.

மாரீஸ்வரி ஓர் அடி வைத்தால் அவரும் ஓர் அடி. அவள் திரும்பினால் அவரும் திரும்பினார். அவள் கையூன்றிச் சக்கரமாகச் சுழன்று கார்ட்வீல் போட்டபோது அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், கை மட்டும் இறங்கவில்லை. ஒரு விரல்கூட அவள்மேல் படவில்லை. அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, முழுசாக ஒரு ரவுண்டு!

கடைசியில் அவள் சுழன்று குதித்தாள். ஆட்டமில்லாமல் இறங்கினாள். இந்த வருஷம் போட்டியில்கூட அவள் இப்படி இறங்கவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தார். கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

விழாத பிள்ளை, இரண்டடி நடந்து வந்து அந்தக் கைக்குள் விழுந்தாள்.

அப்புறம் நாங்கள் எல்லோருமே அழுதோம். (நான் அழவில்லை. கண்ணில் பவுடர்!)

கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"கேப்டனு, அடுத்த போட்டி எங்கன?"

"இன்னும் சொல்லலம்மா."

"எங்கனன்னாலும் சொல்லு. லீவு போட்டுட்டு வாரேன். உள்ள விடுவாகளா? ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

நண்பர்களே, ரூல்ஸ் தெரிந்தவர்கள் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள். போட்டியில் பீம் பக்கத்தில் ஓர் அம்மா நிற்கலாமா? கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று நான் எழுதிக்கூடத் தருகிறேன்.

(கட்ட மாட்டார். அதுவும் பொய்தான்!)