பேசாத மூன்று கட்டைகள்

பூனா கோர்படியில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பழைய ஆர்கனைப் பழுது பார்ப்பதா, தூக்கிவிட்டுப் புதிய கீபோர்டு வைப்பதா என்று எழுத்தில் அபிப்பிராயம் தரும்படி சபைக் கமிட்டி கேட்டபோது, சின்னதுரை மூன்று வார அவகாசம் வாங்கிக்கொண்டார். ஒரு பக்கம் எழுத மூன்று வாரமா என்று செயலாளர் ஞானசிகாமணி சிரித்தார். திறந்து பார்க்காமல் எழுதிப் பழக்கமில்லை என்றார் சின்னதுரை. ராணுவப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர் அவர். மயிரிழை பிசகியிருந்தாலும் பூட்டியதைக் கழற்றித் திரும்பப் பூட்டுகிறவர் என்று பெயர்.

ஆர்கன் என்றால் குழாய்கள் வரிசையாக நிற்கும் ஆர்கன் அல்ல. இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துக் காற்றேற்றி வாசிக்கும் மரப்பெட்டி. வாசித்துக்கொண்டிருந்தவர் எண்பத்தைந்தாம் வருடம் சொந்த ஊரான நாசரேத்துக்கே திரும்பிவிட, சபை மூன்று மாதம் வெறும் குரலில் பாடியது. நான்காம் மாதம் சின்னதுரை உட்கார்ந்தார். வாசிக்க யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கவும் யாரும் சொல்லித்தரவில்லை. துருத்தித் துணியை எலி கடித்தால் ரெக்சின் ஒட்டினார். மழை நாலு மாதமும் விரலால் அமுக்கும் கட்டைகள் ஈரத்தில் உப்பி மேலெழும்பாமல் போகும். அதற்காகப் பெட்டிக்குள் பதினைந்து வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, சனிக்கிழமை மாலை போட்டு ஞாயிறு காலை அணைத்தார்.

தொண்ணூற்றெட்டில் மனைவி பவுன் இறந்துபோனாள். மகன் மஸ்கட்டில். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள்தான் அவர் எங்காவது போயாக வேண்டும் என்று இருந்தது. பெட்டியைத் துடைக்க வியாழன், வாசிக்க ஞாயிறு. மற்ற ஐந்து நாளும் ரயில்வே கேட்டில் வண்டி போவதைப் பார்த்துவிட்டு, பால் பாக்கெட்டும் பாவ் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அபிப்பிராயம் எழுதச் சொன்ன காகிதத்தை நம்பித்தான் அந்த இரண்டு நாளும் இருந்தன.

கீபோர்டை ஒரு குடும்பம் காணிக்கையாகத் தந்திருந்தது. வாசிக்க ஆளும் இருந்தது. வாகட்டிலிருந்து ஸ்கூட்டியில் வரும் கீர்த்தி, ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள், முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவள். ஆகஸ்ட் மாத முதல் ஞாயிறு அவள் வாசித்துப் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

அன்று முதல் பாட்டிலேயே சபை திணறியது. இரண்டாவது பாட்டின் உச்சத்தில் பெண்கள் பக்கம் குரல் கீறியது. ஆண்கள் பாதியில் கீழே இறங்கிவிட்டார்கள். மூன்றாவது சரணத்தில் கீர்த்தி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். கீபோர்டின் ஒலியில் ஒரு குறையும் இல்லை. வாசிப்பிலும் இல்லை. ஆர்கன் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்த சின்னதுரைக்குப் பாட்டு எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் கூட்டம் கூடியது. மெஷினோடு பாட வராது, நம்ம பெட்டிக்குத்தான் தொண்டை திறக்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஞானசிகாமணி வந்து தோளில் தட்டினார்.

"அண்ணாச்சி, உங்க பெட்டி ஜெயிச்சிட்டு. ரிப்பேர்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்திருங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

சின்னதுரை வாசலை விட்டு இறங்கினார்.

கீர்த்தி ஸ்கூட்டியைக் கிளப்பாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், புக்ல இருக்கற மாதிரிதான் வாசிச்சேன். கஸம் ஸே, சத்தியமா," என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றொன்றில் ஆர்கனின் மூன்று கட்டைகள் பேசுவதை நிறுத்தின. பாட்டுகள் உச்சத்துக்குப் போகும்போது விரல் விழுகிற அதே இடத்தில் அடுத்தடுத்து மூன்று. உள்ளே காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள் விரிசல் விட்டிருந்தன. ஆர்மோனியக் கடையில் கிடைத்த நாக்கு அளவில் சேரவில்லை. தகட்டை வெட்டி அவரே செய்தவை சில வாரங்களில் முறிந்தன. வேறு வழியில்லாமல் புத்தகத்தில் உள்ள எல்லாப் பாட்டையும் மூன்று கட்டை கீழே இறக்கி, அந்த இடத்தைத் தொடாமல் வாசிக்கப் பழகினார். எட்டு மாதம் பிடித்தது. பதிமூன்று வருடமாகச் சபை அந்த இறக்கத்திலேயே பாடுகிறது. அதுதான் தங்கள் குரல் என்று நம்புகிறது.

கண்டுபிடித்தவள் பவுன் ஒருத்திதான். இறக்கி வாசித்த முதல் ஞாயிறே, சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்னத்துக்கு இறக்கி வாசிக்கீங்க?" கட்டை போய்விட்டது என்றார். சரி என்று ரசத்தை ஊற்றினாள். அவளுக்குப் பிறகு இந்த விஷயம் தெரிந்த ஆள் பூனாவில் அவர் ஒருவர்தான்.

ரெண்டு வரிதான். எழுதினால் அந்த இரண்டு நாளும் அவருக்கே. பெட்டி சபைக்கு ஒத்துப்போகிறது என்று எழுதப் பேனாவைத் திறந்தார். பெட்டியில் இருந்த பழுதுதான் ஒத்துப்போகிறது. அதைத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட அவரால் முடியவில்லை. பணிமனையில் அப்படி எழுதிக்கொடுத்தவர்களை அவர் மதித்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கீர்த்தியைக் கோயிலுக்கு வரச்சொன்னார். காலால் மிதித்துக் காற்றேற்றிக்கொண்டு, மேலே அந்த மூன்று கட்டைகளை அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். காற்றுதான் வந்தது.

"பதிமூணு வருசமா மூணு கட்டை இறக்கித்தாம்மா வாசிக்கேன். உன்மேல தப்பில்ல."

அவள் மூன்றையும் திரும்ப ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். "எல்லாப் பாட்டும்? மனசுலயே மாத்தி?"

"ஆமா."

"ஆனா அங்கிள், கீபோர்டுல பட்டன் இருக்கு. மைனஸ் த்ரீ போட்டா தானா இறங்கிடும், முடிஞ்சது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பட்டனைக் காட்ட நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் சின்னதுரை. மெய்யாகவே நல்லதுதான். எட்டு மாதம் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அபிப்பிராயம் அன்று மாலையே முடிந்தது. துருத்தியின் நிலை, கரையான் ஏறிய அடிப்பலகை, கிடைக்காத நாக்குகள், சபை பாடிப் பழகிய சுருதி, அதற்கு அமுக்க வேண்டிய பட்டன். கடைசி வரியில் 'மாற்றலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். படித்துவிட்டு ஞானசிகாமணி, "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே அண்ணாச்சி" என்றார். கமிட்டிக்கு வெளியே யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை மேசை விரிப்புகள் வைக்கும் அறைக்குத் தள்ளினார்கள். பல்பை அவர் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. யாருக்கு எந்த இடம் வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. சபையை அவர் பார்த்ததெல்லாம் ஆர்கனில் பொருத்திய சிறு கண்ணாடியில்தான். பெண்கள் பக்கம் நான்காவது வரிசை ஜன்னலோரம் பவுன் இருப்பாள். அதற்கு நேரே ஆண்கள் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

கீர்த்தி பட்டனை அமுக்கிவிட்டு வாசித்தாள். சபை கஷ்டமில்லாமல் பாடியது. குரல்கள் நாலு பக்கமிருந்தும் வந்தன. இப்படித்தான் பவுனுக்குக் கேட்டிருக்கும். பெஞ்சுக்கு அடியில் தன் கால்கள் மாறி மாறி மிதித்துக்கொண்டிருப்பதை அவர் இரண்டாவது சரணத்தில்தான் கவனித்தார். உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும், குனிந்து மரியாதையாகக் கேட்டார்.

"ஊருக்குப் புதுசா அண்ணாச்சி? தேஹு ரோடு சபையிலேர்ந்து வாறீங்களா?"

இத்தனை வருடம் அவர் பார்த்தது சின்னதுரையின் முதுகைத்தான்.

"இந்தப் பக்கத்துக்குப் புதுசுதான் தம்பி."

பக்கத்துக்காரர் நகர்ந்து இடம் கொடுத்து, தன் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடி எடுத்து, இருவருக்கும் நடுவில் விரித்துப் பிடித்தார். சின்னதுரை ஓரத்தைத் தாங்கிக்கொண்டார். பாட்டு அவருக்குப் பார்க்காமலே தெரியும். இருந்தும் புத்தகத்தைப் பார்த்தே பாடினார்.