டிக்ளைன் என்றால் என்ன அர்த்தம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்று பேர். வாய்த்துடுக்கால் வந்த பேர் அல்ல. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். பெரிய மருத்துவமனை ஒன்றின் கடிதப் பிரிவில் பத்தொன்பது வருடமாக, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ‘முடியாது’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எந்த ‘முடியாது’ எங்கே பொருந்தும் என்று மருத்துவர்களே அவளைத்தான் கேட்பார்கள்; அதற்கு மட்டும் வாய் திறப்பாள்.

“ரிஜெக்ட் வேண்டாம் சார், சொத்தக் கத்திரிக்காயத் தூக்கிப் போடுற மாதிரி இருக்கு. ரெஃப்யூஸ்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி. டினைன்னு போட்டா, அவங்களுக்குச் சேர வேண்டியத நாம பிடுங்கிட்டோம்னு வக்கீலோட வந்து நிப்பாங்க. டிக்ளைன் போடுங்க. கும்பிட்டுக்கிட்டே கதவச் சாத்துற வார்த்தை அது.”

ஒரு நாள் காலை, கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவர் அப்படியொரு கடிதத்தோடு அவள் மேசைக்கு வந்தார். விரலெல்லாம் கீறல். பதினாலு வயது மகளுக்கு இதய வால்வில் பழுது. அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளும்படி விண்ணப்பித்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்.

“இந்த டிக்ளைன்னா என்னம்மா?”

அதுவரை வார்த்தைகளை உறையில் போட்டு அனுப்பித்தான் அவளுக்குப் பழக்கம். அவை போய்ச் சேரும் முகத்தைப் பார்த்ததில்லை.

“இப்போதைக்கு இல்லன்னு அர்த்தம்ண்ணே.”

“அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்.” சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் அதை மறந்தும் விட்டாள்.

ஏழு மாதம் கழித்து மறுபடி வந்து நின்றார்.

“பாப்பா போயிடுச்சும்மா. லிஸ்டுலேருந்து அவ பேர அடிச்சிடுங்க. அந்த இடம் வேற புள்ளைக்காவது ஆகும்ல.”

அப்படியொரு பட்டியலே இல்லை. அவள் கையில் அகப்பட்ட ஒரு தாளில் கோடு கிழித்தாள். “அடிச்சிட்டேன்ணே.”

“அன்னிக்கு நீங்க நல்ல வார்த்தை சொன்னீங்க. அந்தத் தைரியத்துலதான் காத்திருந்தோம்” என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டச்சுப் பலகையில் விரல் வைத்தால் மேசைக்கு எதிரே யாரோ நின்று மூச்சுவிடுவது கேட்கும். நிமிர்ந்தால் ஆள் இருக்காது. “உனக்கு என்னடி ஆச்சு?” என்று கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

பதினோராம் நாள் கோப்பிலிருந்த முகவரியைத் தேடிப் போனாள். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கண்ணாடிக்காரரின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அகராதி உட்காரவில்லை.

“நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்ணே.”

அவர் அலமாரியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். “இப்ப நெசத்தப் படிங்க.”

படித்தாள். “உங்கள் மகளை எடுத்துக்கொள்ள எங்களால் இயலாது. தாமதிக்காமல் வேறு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.”

“ரெண்டாவது வரிய இன்னொரு தடவ படிங்க.”

படித்தாள். இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, “போதும், அவங்களப் போகச் சொல்லுங்க” என்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைச் சுமந்துகொண்டாவது படியிறங்கியிருப்பாள்.

மறுவாரமே, யாருக்கும் பிடிக்காத முன்கூட விசாரணை ஜன்னல் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடிதத்தோடு வருகிறவர்களிடம் முழுவதையும் தமிழில் வாசித்து, “இங்க ஆகாதுங்க. இன்னிக்கே வேற இடம் பாருங்க” என்பாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள்; ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். சிலர் அங்கிருந்தே ஓடினார்கள். ஓடியவர்களின் பிள்ளைகள் பிழைத்தார்களா என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

சில நாள், வரிசையின் கடைசியில் பதினாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை தனியாக நிற்பதுபோல் இருக்கும். அவளை அகராதி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வரிசை நகர நகர, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், குனிந்தபடியே அடுத்த கடிதத்துக்குக் கை நீட்டுவாள்.