பச்சை என்றால் மருந்து

அலமாரியில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. உள்ளே காகிதப் பட்டைகள். மூத்திரத்தில் தோய்த்தால் நிறம் மாறும். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என் மாப்பிள்ளை.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனியில் பெயிண்ட் பார்க்கிற வேலை அவருக்கு. கதவுக்கும் பானட்டுக்கும் துளி நிறம் மாறினாலும் பிடித்துவிடுவாராம். ஒன்பது வருஷமாக நான் அவர் எதிரில் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மகளிடம்தான் சொல்லுவேன். திடீரென்று அவருக்கு வார்த்தை மாறி மாறி வந்தது. உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்களே அளவில்லாமல் பெருகி மூளையில் உட்கார்ந்துவிட்டனவாம். அபூர்வமான நோய் என்றார் டாக்டரம்மா. மூத்திரம் புளிப்பாக இருந்தால் பட்டை மஞ்சளாகவே நிற்கும், மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும், பட்டை பச்சையானால்தான் ஏற்றுவோம் என்றார். மகளுக்கு போன் கம்பெனியில் ஷிஃப்ட், லீவும் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான்.

முதல் நாள் மூத்திரம் பிடித்த குடுவையை அவர் நீட்டியபோது இரண்டு பேருமே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டை மஞ்சளா பச்சையா, எனக்குப் புரியவில்லை. "டியூப் லைட்ல பாத்தா ஏமாத்தும் அத்தை. ஜன்னலாண்ட எடுத்துக்கினு போங்க" என்றார். போனேன். பச்சை. "பாஸாயிட்டீங்க. உங்கள எங்க கம்பெனி லைன்ல சேத்துக்கலாம் அத்தை, ஓ.டி. துட்டுகூட உண்டு" என்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் கூச்சம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கை பழகிவிட்டது.

நாலு தடவை மருந்து ஏறியது. பேச்சு திரும்பி, மகளிடம் சண்டைகூடப் போட்டார். அஞ்சாவது தடவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், நல்ல பச்சை. வழக்கம்போல அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கதவு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கதவுதானே அத்தை?"

"ஆமா மாப்பிள்ளை" என்றேன். ஒவ்வொரு தடவையும் நிறம் குறிக்கிற நோட்டில் பச்சை என்று எழுதினேன். யார் முன்னாலும் போய் நிற்காத நான் டாக்டரம்மா அறைக்குப் போய், "மாப்பிள்ளைக்குப் பச்சைக்குப் பேரு மறந்துபோச்சு" என்றேன். அவர் மருந்து எழுதாமல் பேனாவை மூடினார். நோய் திரும்பிவிட்டது என்று ஸ்கேனில் வந்தது அடுத்த நாள்தான். வேறு மருந்து கொடுத்தார்கள். மழைக்காலம் வரைக்கும் இருந்தார்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்த மகள் டப்பாவைப் பார்த்து, "இத்த இன்னாத்துக்கு வச்சிகினு கீற?" என்று கேட்டாள். அவள் குளிக்கப் போனதும் ஒரு பட்டையை எடுத்து ஜன்னலாண்ட பிடித்தேன். நனையாத பட்டை.

மஞ்சள். எனக்கே தெரிந்தது.