முதலில் தட்டு, பிறகு பேர்

மிசிசிப்பியில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்த ஓஸெல்லாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக ஊர் ஊராக அலைந்த பிள்ளைகள் எந்நேரம் வந்து கதவைத் தட்டினாலும், முதலில் தட்டை நீட்டுவாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேர் கேட்பாள்.

கறுப்பர்கள் கோர்ட்டுக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கத் தொடங்கியதும், அந்தக் குளிர்காலத்தில் அதிகாரிகள் ஏழைகளுக்குச் சர்க்கார் கொடுத்துவந்த இலவச மாவை நிறுத்திவிட்டார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்! துரைமாரின் காடுகளில் பருத்தி எடுப்பும் முடிந்து, யாருக்கும் கூலியில்லை.

வட மாநிலத்து ஆதரவாளர்களிடமிருந்து சர்ச்சுக்கு ஒரு லாரி மாவும் பயறும் வந்தது. பங்கு போடும் பொறுப்பு ஓஸெல்லாவுக்கு. வந்தது ஊருக்குக் காணாது. கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களுக்கே கொடுப்பது என்று கூட்டத்தில் முடிவானது. கோர்ட்டுக்குப் போக ஜனங்களுக்கு இருக்கும் பயம் தெளிய வேறு வழியில்லை என்று அவளும் கை தூக்கினாள்.

வரிசையில் லூவெனியா வந்து நின்றாள். சர்ச்சில் ஓஸெல்லாவின் பக்கத்தில் நின்று பாடுகிறவள், பிள்ளைக்குட்டிக்காரி.

"கோர்ட்டுக்குப் போனியாடி?"

"போனா தொரை குடிசைய விட்டே தொரத்திருவான். உனக்குத் தெரியாதாக்கா? சின்னதுக்கு நேத்துலேர்ந்து வெறும் தண்ணிதான்."

"எல்லாருக்குந்தான் தொரை இருக்கான். போயிட்டு வா, தர்றேன்."

"உன் வீட்ல தின்னவங்கள்ல எவனையாச்சும் இப்பிடிக் கேட்டிருக்கியா?"

ஓஸெல்லாவுக்குச் சுருக்கென்றது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள், லூவெனியாவின் முகத்தைப் பார்க்காமல். துரைமார் பேசுவதும் அப்படித்தான்.

வீட்டில் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. விடிந்ததும் தன் பங்கு மாவைக் கட்டிக்கொண்டு லூவெனியாவைத் தேடிப் போனாள். குடிசைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. பாயும் பாத்திரமும் உறைபனியில் கிடந்தன. பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் ஒண்டியிருந்தன.

"உங்கிட்டருந்து நேரா கோர்ட்டுக்குத்தான் போனேன்" என்றாள் லூவெனியா. "நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள கோர்ட்டுலேர்ந்து தொரைக்குப் போன் பண்ணிட்டாங்க." கையை நீட்டி மாவை வாங்கினாள். "மாவு வந்திருச்சு. அடுப்பு எங்கக்கா?"

பாவி நான், பாவி நான் என்று அழுதபடி ஓஸெல்லா அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கஞ்சி காய்ச்சித் தட்டில் ஊற்றி நீட்டினாள். மூத்த பெண் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. கண் கஞ்சியில் இருந்தது, கை நீளவில்லை.

"எங்கம்மா கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டாங்க, பெரியம்மா" என்றாள்.